மைல்ஸாக மாற்றிய பிறகு டிக்கெட் போட முடியவில்லை, உதவுங்கள்

கிரெடிட் கார்டு ரிவார்டு பாயிண்ட் 90,000-ஐ விமான நிறுவன மைல்ஸாக (டிக்கெட்டுக்குப் பணத்துக்குப் பதில் கொடுக்கும் அந்த நிறுவனத்தின் புள்ளிகள்) மாற்றி மூன்று நாள் ஆகிறது. எனக்கும் அம்மாவுக்கும் எகானமியில் இரண்டு இருக்கை. பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம். நடுவில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். இரண்டாவது விமானம் அதே விமான நிறுவனக் கூட்டணியில் (ஒருவர் மைல்ஸில் மற்றவர் விமானத்திலும் இருக்கை போடக்கூடிய நிறுவனக் குழு) உள்ள வேறு நிறுவனத்துடையது.

தேடினால் இரண்டு இருக்கையும் காட்டுகிறது. மைல்ஸ் கணக்கும் வரித்தொகையும் சரியாகவே வருகின்றன. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மட்டும் 'இந்த இருக்கை இப்போது இல்லை' என்கிறது.

ஆப், வேறு பிரவுசர், வேறு கார்டு எல்லாம் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும் போட்டாலும் அதே பிழை. முதல் விமானத்தைத் தனியாகத் தேடினால் கடைசிவரை போகிறது, ஆகவே சிக்கல் இரண்டாவதில்தான். கூட்டணியின் இன்னொரு நிறுவனத் தளத்தில் தேடினேன், அங்கே அந்த இருக்கையே இல்லை. வாடிக்கையாளர் சேவையிலும் 'எங்கள் திரையில் தெரியவில்லை' என்றார்கள். இல்லாத இருக்கையைத் தளம் காட்டுகிறது போலிருக்கிறது. மாற்றிய பாயிண்ட்டைத் திரும்பப் பெற முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது.

இரண்டாவது விமானத்துக்குத் தனி டிக்கெட் வாங்கத் தயக்கம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த அலைச்சல் ஆகாது.

முதல் விமானத்தை மட்டும் இப்போது மைல்ஸில் போட்டுவிட்டு, இரண்டாவதில் இருக்கை திறந்ததும் போன் செய்து அதே டிக்கெட்டில் சேர்த்துக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?