லினக்ஸ்சிஎன்சி 2.7-லிருந்து 2.9: ஒய் அச்சின் எல்லையை எந்த இடத்தில் எழுதுவது?

கானாடுகாத்தான் பட்டறை — கேள்வி

வணக்கம். எங்கள் பட்டறையில் பழைய வீடுகளின் நிலை, கதவு, உத்தரம் பழுது பார்க்கிறோம். நிலைக்கு மேலே வரும் கஜலட்சுமி பலகையில் கரையான் தின்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே பூவேலையைப் புதுத் துண்டில் செதுக்கிப் பொருத்துவது பெரும்பாலான வேலை. முதல் கனத்தை ரௌட்டர் (கம்ப்யூட்டர் ஓட்டும் செதுக்கு மிஷின்) எடுக்கும், மீதி உளிவேலை அப்பாவுடையது.

ரௌட்டர் நாங்களே கட்டியது. எக்ஸ் 600 மிமீ, ஒய் 900, இசட் 110. கட்டரைத் தாங்கி ஒய் திசையில் நகரும் குறுக்குப் பாலம்தான் கேன்ட்ரி. அதற்கு இரண்டு பக்கமும் ஸ்குரூ, இரண்டு ஸ்டெப்பர் மோட்டார். பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரில் மிஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி 2.7 பல வருஷம் ஓடியது. அப்போது இரண்டு ஒய் மோட்டாருக்கும் ஒரே ஸ்டெப் சிக்னல்தான். இப்போது டெபியன் 12 போட்டு 2.9-க்கு மாறியிருக்கிறோம். பழைய அமைப்பைத் திறந்ததும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டது, சம்மதித்தோம், மூன்று ஜாயின்ட்டாக (மோட்டாருக்கான பகுதி) வந்தது. இரண்டு ஒய் மோட்டாரையும் தனித்தனியே ஹோம் செய்து (சுவிட்ச் தட்டும்வரை ஓட்டிப் பூஜ்ஜிய இடத்தைப் பிடித்து) கேன்ட்ரியை நேராக்க வேண்டும் என்று நாலாவது ஜாயின்ட் சேர்த்து, ஆயங்களை எக்ஸ்-ஒய்-ஒய்-இசட் என்று எழுதினோம்.

ஹோம் ஆகிறது. ஆனால் ஒய் 300-க்குப் போகச் சொன்னால், ஜாயின்ட் 2-இன் பாசிட்டிவ் எல்லையைத் தாண்டும் என்று மறுக்கிறது. அமைப்புக் கோப்பில் எல்லைகள் இப்படி இருக்கின்றன:

ஆக்சிஸ் ஒய்: 0 முதல் 900
ஜாயின்ட் 1: 0 முதல் 900
ஜாயின்ட் 2: –110 முதல் 0
ஜாயின்ட் 3: –110 முதல் 0

முன்பு அச்சுக்கு ஒரே பகுதி. இப்போது ஆக்சிஸ் என்றும் ஜாயின்ட் என்றும் இரண்டு இடத்தில் எல்லை கேட்கிறது. எது செல்லும்? காத்திருக்கும் பலகை பர்மா தேக்கு. முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடிப் பிடித்த பழைய உத்தரத்தில் அறுத்தது. அதைக் கெடுத்தால் அதே ரேகையில் இன்னொன்று கிடைக்காது.

தேவகோட்டை — பதில்

தம்பி, காரணம் நீங்கள் கொடுத்த நாலு வரியிலேயே இருக்கிறது. மாற்றித் தந்த கோப்பில் ஜாயின்ட் 2 என்பது இசட். நாலாவதைச் சேர்த்ததும் 2 இரண்டாவது ஒய் மோட்டாராகவும் 3 இசட்டாகவும் ஆகிவிட்டன. ஜாயின்ட் 2-க்குள் இசட்டின் எல்லை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் எல்லை 0, நீங்கள் 300 கேட்கிறீர்கள். மறுத்தது சரிதான்.

அதை மட்டும் 0, 900 என்று திருத்தி ஓட்டிவிடாதீர்கள். அடுத்து ஜாயின்ட் 2 ஃபாலோயிங் எரர் (சொன்ன இடத்துக்குப் பின்தங்கிவிட்டது என்ற பிழை) என்று நிற்கும். அந்தப் பகுதியில் வேகம், முடுக்கம், ஸ்டெப்ஜென்னின் (மோட்டாருக்கு ஸ்டெப் சிக்னல் உண்டாக்கும் பகுதி) உச்ச முடுக்கம் எல்லாமே இசட்டுடையதாகத்தான் இருக்கும். ஒய் முடுக்கம் 300 என்றால் ஸ்டெப்ஜென்னுக்கு 375 என்று அமைப்புக் கோப்பை உருவாக்கித் தரும் ஸ்டெப்கான்ஃப் எழுதியிருக்கும், கால் பங்கு கூடுதல். இசட்டுக்கு அது 150, 187.5 என்று இருந்தால், பலகை மேல் போகும்போது இடது மோட்டார் முந்தும், வலது பின்தங்கும். ஆகவே ஜாயின்ட் 1-ஐயும் 2-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ஹோம் ஆஃப்செட் (ஹோம் சுவிட்ச் இருக்கும் இடத்தின் ஆய எண்) ஒன்றுதான் வேறுபடலாம். மோட்டார் எதிரெதிராகப் பூட்டியிருந்தால் ஸ்கேலின் (ஒரு மிமீக்கு எத்தனை ஸ்டெப் என்ற எண்) குறியும் மாறும்.

இனி இரண்டு இடத்துக் கதை. 2.8-இல்தான் இந்தப் பிரிவு வந்தது. ஜாயின்ட் என்பது மோட்டார், ஆக்சிஸ் என்பது ஜி-கோடு (மிஷினுக்கான கட்டளை மொழி) பேசும் எக்ஸ், ஒய், இசட். எது செல்லும் என்றால் இரண்டும் செல்லும், குறுகலானது முதலில் தடுக்கும். ஆக்சிஸ் எல்லையை எழுதாமல் விட்டால் அங்கே எல்லையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். வேகத்தையும் இரண்டு இடத்திலும் எழுதுங்கள், அதுவும் நொடிக் கணக்கில்: நிமிடத்துக்கு 3000 மிமீ என்றால் 50.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த 900-ஐ நம்பாதீர்கள். அது பழைய ஹோம் இடத்திலிருந்து அளந்த எண். ஒய்-க்கு இப்போது இரண்டு ஹோம் சுவிட்ச், பூஜ்ஜியம் நகர்ந்திருக்கும். பேரலல் போர்ட்டில் உள்ளீடு ஐந்துதான். ஒய் இரண்டு, எக்ஸ், இசட், அவசர நிறுத்தம் என்று அதோடு தீர்ந்தது. அப்படியானால் உங்கள் மிஷினில் ஹோமுக்கு எதிர் முனையில் சுவிட்சே இருக்காது. அங்கே கேன்ட்ரிக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவில் நிற்பது கோப்பில் நீங்கள் எழுதும் எண் ஒன்றுதான். அதைக் கையால் அளந்து எழுத வேண்டும்.

எல்லையைத் தற்காலிகமாகக் கொஞ்சம் தளர்த்தி ஹோம் செய்யுங்கள். கட்டர் போடாமல், மிக மெதுவான ஜாக்கில் (கையால் பொத்தானை அழுத்தி நகர்த்துவது) எதிர் முனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு கை அவசர நிறுத்தத்தில் இருக்கட்டும். தடுப்புக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தி, பாக்கியை ஸ்கேலால் அளந்து, திரையில் உள்ள மிஷின் ஆயத்தோடு கூட்டுங்கள். ஜி54 (பலகையில் வைத்த பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது) கணக்கைப் பார்க்காதீர்கள், எல்லை மிஷின் ஆயத்தில்தான் சரிபார்க்கப்படும். 912 என்று வந்தால் 905 எழுதுங்கள். ஆக்சிஸ் ஒய், ஜாயின்ட் 1, ஜாயின்ட் 2 மூன்றிலும் அதே எண்.

ஹோம் பக்கம் கீழ் எல்லையைச் சுத்தமாக 0 என்று போட வேண்டாம், –0.001 போடுங்கள். இல்லையென்றால் தசமச் சில்லறையில் ஹோமிலேயே எல்லை தாண்டியது என்று அடம்பிடிக்கும். இசட்டுக்கு மேலே 0.001.

ஹோம் சீக்வென்ஸ் (ஹோம் ஆகும் வரிசை எண்) இசட்டுக்கு 0, இரண்டு ஒய்-க்கும் –1, எக்ஸுக்கு 2. மைனஸ் குறி இருந்தால்தான் இரண்டு ஒய்-யும் கடைசி நகர்வைச் சேர்ந்து முடிக்கும். ஜாயின்ட் முறையில் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக் செய்து கேன்ட்ரியை முறுக்குவதையும் அதுவே தடுக்கும். கரண்ட் போய் வந்தால் முதல் வேலை ஹோம். ஹோம் ஆகாத மிஷினுக்கு இந்த எல்லைகள் எதுவும் காவல் இல்லை.

கேன்ட்ரி நேராக இருக்கிறதா என்பதை நிலைக்குப் பார்ப்பதுபோல் குறுக்கு அளவில் பாருங்கள். வீண் பலகையில் 300-க்கு 400 செவ்வகமாக நாலு துளை போட்டால் இரண்டு குறுக்கும் 500 வர வேண்டும். இரண்டுக்கும் 1 மிமீ வித்தியாசம் என்றால், ஸ்குரூக்களுக்கு நடுவே 720 மிமீ உள்ள மிஷினில் ஒரு பக்கம் 1.5 மிமீ பின்தங்கியிருக்கிறது. அதை ஜாயின்ட் 2-இன் ஹோம் ஆஃப்செட்டில் கூட்டுங்கள். வித்தியாசம் இரட்டிப்பானால் குறியை மாற்றுங்கள்.

காரைக்குடி — பதில்

அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எதிர் முனையை எண்ணை மட்டும் நம்பி விடக்கூடாது. மரத்தில் கட்டர் சிக்கி ஸ்டெப் தவறினால் கோப்புக்கு அது தெரியாது, 870 என்று நினைத்துக்கொண்டு 912-இல் தடுப்பில் முட்டும். எக்ஸ், இசட் ஹோம் சுவிட்சை ஒரே வயரில் தொடராக இணைக்கலாம். ஹோம் ஆவது அடுத்தடுத்துத்தானே. இரண்டு ஜாயின்ட்டிலும் ஹோம் பகிரப்பட்டது என்று குறித்து, இசட் ஹோம் ஆனபின் சுவிட்சை விட்டு 3 மிமீ விலகி நிற்கும்படி ஆஃப்செட் கொடுங்கள். மிச்சமாகும் உள்ளீட்டில் ஒய் எதிர் முனைக்கு இரண்டு பக்கமும் லிமிட் சுவிட்ச் வையுங்கள். எல்லாம் சாதாரணமாக மூடியிருக்கும் வகை. எலி வயரைக் கடித்தாலும் மிஷின் நின்றுவிடும்.

சுவிட்ச் தடுப்புக்கு எத்தனை முன்னால் என்பதற்கும் கணக்கு உண்டு. நொடிக்கு 50 மிமீ வேகம், 300 முடுக்கம் என்றால் முறையாக நிற்கவே 4 மிமீக்கு மேல் வேண்டும். லிமிட் தட்டினால் டிரைவ் அணைந்து கேன்ட்ரி தன் எடையில் இன்னும் ஓடும். 8 மிமீ விடுங்கள். அப்புறம் அந்த 905 சுவிட்சுக்கு உள்ளே வரும்படி குறைய வேண்டும்.

இன்னொன்று, கிளாம்ப் எங்கே இருக்கிறது என்பது எந்த எல்லைக்கும் தெரியாது. செதுக்க வேண்டிய ஜி-கோடு கோப்பை ஏற்றியதும் திரையில் வரும் நிகழ்ச்சியின் அளவுகளை மேசையோடு ஒத்துப் பாருங்கள்.

கானாடுகாத்தான் பட்டறை

அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. ஜாயின்ட் 2-இல் எல்லை மட்டுமல்ல, முடுக்கம், ஸ்டெப்ஜென் இரண்டும் இசட்டுடையதாகவே இருந்தன. ஜாயின்ட் 1-ஐப் பார்த்து எழுதினோம், ஒய் முழுதும் ஓடுகிறது. தடுப்பு 909-இல் வந்தது. எதிர் முனைக்குச் சுவிட்ச் வைப்பதாக முடிவு, அது தடுப்புக்கு 8 மிமீ முன்னால் 901-இல் தட்டும், எல்லை 897 என்று எழுதியாகிவிட்டது. குறுக்கு அளவை அப்பாவே டேப் பிடித்துப் பார்த்தார். 500.6, 499.4. எங்கள் ஸ்குரூ இடைவெளி 720-தான், ஆகவே ஆஃப்செட்டில் 1.8 கூட்டினோம், இரண்டும் 500-க்கு வந்தன. சுவிட்ச் வாங்கி மாட்டியதும் முதலில் வேப்பம்பலகையில் முழுக் கோப்பையும் ஓட்டுவோம், தேக்கு அதற்கப்புறம்.