சமாதானம் கொடுக்கும் நேரத்தில் கை தயங்கினால்

சேகரத் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) தேர்தல் முடிந்து சபை ரெண்டாகக் கிடக்கிறது. திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும்) ஆராதனையில் நீங்கள் கவனித்ததை, செய்து பலன் கண்டதை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற குருவானவர்
தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டு ஆராதனை ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது (ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஒப்புரவைக் காட்டுவது) காணிக்கைக்கு முன்னால் வருகிறது. மத்தேயு 5:23, 24 சொல்வதும் அதே வரிசைதான்: முதலில் சகோதரனோடு ஒப்புரவு, பிறகு காணிக்கை. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையை வைத்து, இருவரும் இடது கையால் அடுத்தவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். மேசையருகே தொடங்கி ஒருவர் மாற்றி ஒருவராகக் கடைசி பெஞ்சு வரை வரும். பல சபைகளில் இது கும்பிடாகச் சுருங்கிவிட்டது. கும்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையைப் பிடித்தால் அது நடக்காது!

கமிட்டி அங்கத்தினர்
கோஷ்டி கோஷ்டியாக உட்கார்ந்தால் சமாதானமும் கோஷ்டிக்குள்ளேயே சுற்றும். அந்தச் சுற்று அறுந்துபோவது பெஞ்சு ஓரத்தில், நடைபாதையைத் தாண்டும்போது.

ஞாயிறு காலையில் ஒப்புரவு பேசப் போகாதீர்கள், மணி அடித்தபின் யாருக்கும் காது கேட்காது. திருவிருந்துக்கு ஆயத்தமாகும் சனிக்கிழமை ஆராதனைக்கு ரெண்டு மூன்று நாள் முன்னாலேயே வீட்டுக்குப் போங்கள், முதலில் தனியாக. மத்தேயு 18:15-17 சொல்வது தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபைக்கு. நம் ஆட்கள் முதலில் வாட்ஸப் குரூப்பில் போடுவார்கள், அப்புறம் பெட்டிஷன், அப்புறம் கோர்ட். சம்பந்தப்பட்டவர் வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டார்கள்.

“ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க” என்பது மன்னிப்பு ஆகாது. “கூட்டத்துல உங்களைக் கள்ளக் கணக்குன்னு சொன்னது தப்பு” என்று, சொன்ன வார்த்தையைச் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கில் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அதற்குத் தணிக்கை வேண்டும். கைகுலுக்கி அதை மூடுவது இன்னொரு பாவம்.

உபதேசியார்
எதிராளி ஒப்புரவாக ஒப்பவில்லை என்று மாதக்கணக்கில் திருவிருந்து எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. பவுல் “தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து” என்கிறார் (1 கொரிந்தியர் 11:28). சோதித்துவிட்டு ஒதுங்கச் சொல்லவில்லை. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் மனதார மன்னிக்க ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொள்ளவும், பிடிவாதக்காரரை நிறுத்தவும் சொல்கிறது.

கஷ்டமான ஆள், மன்னித்துவிட்டேன் என்று தானே நம்பிக்கொண்டிருப்பவர். யாக்கோபு 1:8-இன் ‘இருமனமுள்ளவன்’. எதிராளியின் பேரைச் சொல்லி அவர் வீட்டுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள், பேர் வரும் இடத்தில் குரல் இறங்கிவிடும்.

ஓய்வுபெற்ற குருவானவர்
இன்னொன்று. காணிக்கைக் கவரைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். இடது கையில் கவர் இருந்தால், மூடவேண்டிய கை மூடாது.