காசு கொடுத்து வாங்கிய டிடிபி மென்பொருள் திறக்க மறுக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கு மாறினால் எனக்கு என்ன லாபம்?

அச்சகம்_திருவல்லிக்கேணி:
வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், இந்த மாதிரி வேலைதான். தமிழ் டைப்செட்டிங்குக்கு 2004ல் ஒரு மென்பொருள் வாங்கினோம், கூடவே பாரலல் போர்ட்டில் செருகுகிற டாங்கிள் ஒன்று கொடுத்தார்கள், அது செருகியிருந்தால்தான் மென்பொருளே திறக்கும். இப்போது பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. புது போர்டில் அந்த போர்ட்டே கிடையாது. விற்ற கம்பெனிக்கு போன் போட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. இத்தனை வருடம் அடித்து வைத்த மேட்டரை வேறு எதில் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். கட்டற்ற மென்பொருளுக்கு மாறுங்கள் மாமா, சோர்ஸ் கோடு, அதாவது மென்பொருளின் மூல நிரல், உங்கள் கையில் இருக்கும் என்கிறான். கோடு கையில் இருந்து நான் என்ன செய்ய? எனக்கு ஆஃப்செட் மெஷின் தெரியும், புரோகிராம் தெரியாது. இலவசத்துக்காகக் கேட்கவில்லை, நல்லதென்றால் காசு கொடுக்கத் தயார். தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை_கெர்னல்:
சார், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு விதை போட்டதே ஒரு பிரிண்டர்தான். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வருகிற மாதிரி புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் புது லேசர் பிரிண்டர் கொடுத்தது, சோர்ஸ் கோடு கொடுக்கவில்லை. பேப்பர் சிக்கும், மாடி ஏறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்தக் கோடு இருக்கிறதென்று தேடிப் போய்க் கேட்டால், யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாராம். அந்தக் கோபம்தான் 1983ல் குனு என்கிற கட்டற்ற மென்பொருள் திட்டம், 1989ல் அதற்கான ஜிபிஎல் உரிமம் என்று வளர்ந்தது.

அந்த உரிமத்தோடு வரும் மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். காசுக்கு விற்கவும் தடையில்லை. நீங்களே கோடு எழுத வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் ஆஃப்செட் மெஷினை விற்றவர் மட்டும்தான் திறக்கலாம், வேறு மெக்கானிக் தொட்டால் குற்றம் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பீர்களா? டாங்கிள் விஷயத்தில் அதற்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

லேஅவுட்_ராயப்பேட்டை:
கொள்கையெல்லாம் சரி தம்பி, பிளேட் போடுகிறவனிடம் கொள்கை செல்லாது. பக்கம் அமைக்கிற கட்டற்ற மென்பொருள் ஸ்க்ரைபஸ், நானும் போட்டுப் பார்த்தேன். 1.4 பதிப்பில் 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்தால் பெண் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? படம் திருத்துகிற ஜிம்ப்பில் நேரடியாக சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சின் நாலு வண்ண முறையில், வேலை செய்ய முடியாது. கஸ்டமர் கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளின் ஃபைல் கொண்டுவந்து தருகிறார், நாளைக் காலை டெலிவரி. உங்கள் சுதந்திரத்துக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

குரோம்பேட்டை_கெர்னல்:
அண்ணே, ஜிம்ப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்க்ரைபஸில் அந்தக் கொம்பு எப்படிச் சரியானது என்று கேளுங்கள். ஓமன் நாட்டுக் குழு ஒன்றுக்கு அரபி எழுத்து சரியாக வர வேண்டியிருந்தது. கோடு திறந்தே கிடந்ததால் அவர்களே உட்கார்ந்து, ஹார்ப்பஸ் என்கிற எழுத்து அமைப்பு நூலகத்தை அதில் இணைக்கிற வேலையைச் செய்தார்கள். 2017ல் 1.5.3 பதிப்பில் அது வந்தது, அதே வேலையில் தமிழும் சரியாகிவிட்டது. 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பிலும் இருக்கிறது. ஓமனில் எவரோ தன் தேவைக்குச் செய்ததை ராயப்பேட்டையில் நீங்கள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அச்சகக்காரர் கேட்ட லாபம் இதுதான். நமக்குப் புரோகிராம் தெரியுமா என்பது இங்கே கேள்வியே இல்லை.

ஸ்க்ரைபஸில் சிஎம்ஒய்கே உண்டு, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் கோப்பும் எடுக்கலாம். கோரல், பேஜ்மேக்கர் ஃபைல்களை லிப்ரஆபிஸ் டிரா என்கிற கட்டற்ற வரைகலை மென்பொருள் ஓரளவு திறக்கும். ஓரளவுதான்.

பழைய_எழுத்துரு:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அந்த மேட்டரைக் காப்பாற்றுவோம். அச்சகக்காரரே, ரிச்சி தெருவில் பாரலல் போர்ட் கார்டு கிடைக்கும், போர்டில் செருகுகிற பிசிஐ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. அதில் சில டாங்கிள்கள் வேலை செய்யும், எல்லாம் செய்யும் என்று சொல்ல முடியாது, கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி-பாரலல் கேபிள் மட்டும் வேண்டாம், அது பிரிண்டருக்காகச் செய்தது, டாங்கிளுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. அதைவிடச் சுலபம், பழைய பாரலல் போர்ட் உள்ள செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடி, உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை அதில் போடுவது. ஒருதடவை திறந்துவிட்டால், மேட்டர் முழுவதையும் வெறும் டெக்ஸ்டாக வெளியே எடுத்துவிடுங்கள். புது வேலை எதையும் அதில் தொடங்காதீர்கள்.

வருகிற டெக்ஸ்ட் டாம் அல்லது டாப் என்கிற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்தால் (1999ல் தமிழக அரசு ஏற்றவை) இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஓப்பன்-தமிழ் என்கிற பைத்தான் நூலகத்திலேயே அதற்கான வசதி இருக்கிறது. கம்பெனியின் சொந்தக் குறியீடு என்றால் கொஞ்சம் உழைப்பு. அச்சடித்த பக்கம் ஒன்றையும் அதே பக்கத்தின் டெக்ஸ்ட்டையும் பக்கத்தில் வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட வேண்டும், பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதால் இடம் மாற்றவும் வேண்டும். அக்கா பையனுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ப்ரூஃப் பார்க்காமல் ஒரு பக்கம்கூட அச்சுக்குப் போகக்கூடாது, ஒற்றும் காலும் எங்கேயாவது விழுந்திருக்கும்.

அச்சகம்_திருவல்லிக்கேணி:
நன்றி. ரிச்சி தெரு போய்ப் பார்க்கிறேன். மேட்டர் வெளியே வந்தால் கோயில் மலரை மட்டும் ஸ்க்ரைபஸில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது, அதற்கு அவசரம் இல்லை. கல்யாணப் பத்திரிகை இப்போதைக்குக் கோரலில்தான், ராயப்பேட்டை அண்ணன் சொல்வதும் நியாயம். ஒரு சந்தேகம், யூனிகோடு ஃபாண்ட்டுக்கும் டாங்கிள் மாதிரி ஏதாவது வருமா?

பழைய_எழுத்துரு:
லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் இரண்டும் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வருபவை. அச்சில் போடலாம், பிடிஎஃப்பில் பதிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். வேறு ஃபாண்ட் எடுத்தால் கூடவே வரும் உரிமக் கோப்பைப் படித்துவிட்டு எடுங்கள். டெக்ஸ்ட் கிடைத்ததும் நாலு வரியும் அதன் அச்சடித்த படமும் இங்கே போடுங்கள், குறியீடு எதுவென்று பார்த்துச் சொல்கிறேன்.