கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தது சரியா?

தாமிரபரணி:
பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவதான "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பதற்குச் செய்தி கொடுத்த போதகர், கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிப் பேசினார். அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒடிசாவுக்கு வந்து, பாரிபடாவில் தொழுநோயாளிகள் இல்லத்தில் ஊழியம் செய்தவர். 1999 ஜனவரி 22 இரவு, மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், அவர் மகன்கள் பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது திமோத்தியையும் ஒரு கும்பல் வண்டியோடு கொளுத்தியது. கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் சொன்னார். சிலுவையில் தொங்கிக்கொண்டே தன்னை அறைந்தவர்களுக்காக இயேசு வேண்டினாரே, அதை நான் இத்தனை வருடம் பாட்டாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு தாய் அதைச் செய்துகாட்டியது என்னை உலுக்குகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்காட்டான்:
அந்த அம்மாவின் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை எல்லாருக்கும் முன்மாதிரியாக வைப்பதை ஏற்க மாட்டேன். தன் இழப்பை அவர் மன்னிக்கலாம். நெருப்புக்குள் பிலிப் பட்ட வேதனையை மன்னிக்க யாருக்கு உரிமை? அது பிலிப்புக்கு மட்டும்தான் உண்டு, அவன் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் அக்காவை அத்தான் அடிப்பார். கை ஒடிந்து வீட்டுக்கு வந்தவளைச் சபைப் பெரியவர்கள் உட்காரவைத்து, "இயேசு உனக்காக எவ்வளவு பட்டார், நீ இதைச் சகிக்கக் கூடாதா, மன்னித்துவிட்டுப் போம்மா" என்று மாவுக்கட்டோடு திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறை. பலி, மன்னிப்பு என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் கட்டுதான் கண்ணில் நிற்கிறது.

மலர்க்கொடி:
உங்கள் அக்காவுக்கு நடந்தது அநியாயம், அண்ணே. அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்ததுதான் பெரிய பாவம். சிலுவை, இயேசு தாமாகவே எடுத்துக்கொண்டது. இன்னொருத்தர் தோளில் ஏற்றிவிட்டு இதுதான் பலி என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனால் கிளாடிஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மன்னிப்பு வேறு, சட்டம் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது. 2003இல், கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. கிளாடிஸ் மன்னித்ததால் எந்தச் சிறைக் கதவும் திறந்துவிடவில்லை.

கரிசல்காட்டான்:
சரி, அது நியாயம். அப்படியென்றால் மன்னிப்பால் என்னதான் நடந்தது? அதனால் தண்டனையும் மாறவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. வெறும் வார்த்தைதானே? அடிப்படையிலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மன்னிக்கிற கடவுள் சும்மா மன்னிக்க வேண்டியதுதானே, எதற்கு ஒரு பலி, எதற்கு இரத்தம்?

மலர்க்கொடி:
இதற்கு வேதபாடப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்தான். எட்டு மாதம் கழித்து அந்த டிரைவர் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசல்படியைத் தாண்டாமல் நின்றார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் "உள்ளே வாப்பா" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்தது தம்பியின் டம்ளர், பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். தெரிந்தேதான் எடுத்தாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவர் போனபிறகு அடுப்படியில் நின்று அந்த டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நஷ்டஈட்டு வழக்கு அதன்பாட்டில் நடந்தது, அதை நாங்கள் விடவில்லை.

சும்மா மன்னிக்கிற மன்னிப்பு எங்கேயும் இல்லை அண்ணே. அந்த மனுஷன் சுமை குறைந்து நடந்து போனார், குறைந்த பாரம் அடுப்படியில் வந்து உட்கார்ந்தது. இயேசு சிலுவையில் உயிர்விட்ட கல்வாரி எனக்குப் புரிந்த இடம் அந்த அடுப்படிதான்.

தாமிரபரணி:
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

"என்ன நடந்தது" என்று கேட்ட அண்ணனுக்கு ஒன்று. கிளாடிஸ் மறுவாரமே மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. 2004 வரை பாரிபடாவிலேயே இருந்து அந்த நோயாளிகளைப் பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போட அவர்களுக்கு ஆள் இருந்தது. 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அது பெரிதில்லை. இருந்ததுதான் பெரிது.

கரிசல்காட்டான்:
இருந்தார் என்பதை மறுக்க மாட்டேன். பிலிப்புக்காக யார் மன்னிப்பது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, அதையும் விட மாட்டேன்.

மலர்க்கொடிக்கு: அக்கா மூன்றாவது முறை திரும்பிப் போகவில்லை. இப்போது தனியாக வீடு எடுத்துத் தையல் கடை வைத்திருக்கிறாள். அத்தானை மன்னித்துவிட்டேன் என்று போன மாதம் சொன்னாள், மிஷினை மிதித்துக்கொண்டே, சாதாரணமாக. "அப்படியானால் திரும்பப் போவியா?" என்று கேட்டேன். "போக மாட்டேன்" என்றாள். அவளுக்கு முடிந்திருக்கிறது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.