பட்டி (buddy) படம்: கைவிலங்கைக் கழற்றிய பிறகுதான் கதை

கிளாப்போர்டு:
ரெண்டு பேரின் உறவையே கதையாக்கும் 'பட்டி படம்' என்று கதை டிஸ்கஷனுக்கு வரும் ஒன்லைன்களில் (ஒரு வரிக் கதைகளில்) பெரும்பாலும் ஒரே கோளாறு. முதல் சீனிலேயே ரெண்டு பேரும் உயிர் நண்பர்கள். தோளில் கைபோட்டபடி வருகிறவர்களுக்கு இன்டர்வலுக்கு அப்புறம் போக இடமே இருக்காது. ஒத்துவராத இருவர், பிரிந்து போகவும் முடியாத ஒரு கட்டு, இந்த இரண்டும் வேண்டும். 1958-ல் 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' அந்தக் கட்டை நிஜச் சங்கிலியாகவே காட்டியது: தப்பி ஓடும் கைதிகளாக டோனி கர்டிஸும் சிட்னி பாய்ட்டியரும். '48 ஹவர்ஸ்' (1982) சங்கிலிக்குப் பதில் கெடு வைத்தது. கைதி எடி மர்ஃபி ஒரு போலீஸ்காரரோடு சிறைக்கு வெளியே இருக்க முடிவது 48 மணி நேரம்தான்.

மூவியோலா:
கட்டிப்போடுவது சுலபம் அண்ணா. எப்போது அவிழ்ப்பது என்பதில்தான் ஸ்கிரிப்ட் சறுக்கும். நீங்கள் சொன்ன 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் கிளைமாக்ஸுக்கு முன்பே சங்கிலி உடைந்துவிடுகிறது. பாய்ட்டியர் ஓடும் ரயிலில் ஏறிவிட்டார், கர்டிஸால் முடியவில்லை. கையைக் கொடுத்து இழுக்கப் பார்த்து, இருவரும் கீழே உருள்கிறார்கள். சங்கிலி இல்லாத அந்தப் பிடிக்காகத்தான் அதுவரை அத்தனை ஓட்டமும்.

'மிட்நைட் ரன்' (1988) இன்னும் நுணுக்கம். ஜாமீனில் வந்து தலைமறைவான ஒரு கணக்காளரை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுவந்தால், ஜாமீன் கட்டியவர் ராபர்ட் டி நிரோவுக்குத் தருவது ஒரு லட்சம் டாலர். கெடுவுக்குள் கொண்டுவந்தும் விடுகிறார். ஜாமீன்காரருக்கு போன் போட்டு அதைச் சொல்லிவிட்டு, ஆளை விட்டுவிடுகிறார். பாதி வழியில் விட்டிருந்தால் கையாலாகாத்தனம் மாதிரித் தெரிந்திருக்கும்.

ஸ்பூல்:
நம்மூர்க் குழப்பம் வேறு. ஹீரோ கூடவே வரும் காமெடியனைப் பட்டி என்று நினைத்துவிடுகிறோம். அவருக்கென்று போக ஒரு ஊர் கிடையாது. அவர் பங்கை உருவிவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அது பாட்டுக்கு நகரும்.

'அன்பே சிவம்' (2003) இதில் கணக்காக இருக்கும். மழையில் விமானம் ரத்தாகி கமலும் மாதவனும் புவனேஸ்வரில் மாட்டிக்கொள்கிறார்கள்; இருவருக்குமே சென்னை போயாக வேண்டும். கமலைத் தீவிரவாதி என்று சந்தேகப்படுகிற மாதவனின் பையே வழியில் திருடுபோகிறது. கையில் மிச்சம் ஒரு கிரெடிட் கார்டு, அதை எந்தக் கடையிலும் வாங்குவதில்லை. விலங்கு செய்யவேண்டிய வேலையை அந்த பிளாஸ்டிக் அட்டை செய்துவிடுகிறது: சந்தேகப்பட்ட ஆளிடமே சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும் நிற்கவேண்டிய நிலை.