கொல்லிமலை இறங்கும்போது பாதில முன் பிரேக் பிடிக்கல, ஏன்?

கரூர்125:
போன ஞாயிறு நானும் வீட்டம்மாவும் 125 சிசி வண்டில கொல்லிமலை போனோம். ஏறும்போது பிரச்சனை இல்ல, காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசியும் ரெண்டாவது கியர்ல முக்கி முனகி ஏறிடுச்சு. அறப்பளீஸ்வரர் கோயில் பாத்துட்டு சாயங்காலம் இறங்குறப்ப பாதி மலைல முன் டிஸ்க் லிவர் மெத்துனு ஆகி ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுச்சு. பின் பிரேக்க மிதிச்சு எப்படியோ ஓரங்கட்டினேன், அவங்க நான் நடந்தே வர்றேன்னு நின்னுட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு பாத்தா பழையபடி பிடிக்குது! மெக்கானிக் ஒரு குறையும் இல்லங்கறார். உண்மைய சொல்லிடறேன், பெட்ரோல் மிச்சம்னு நிறைய இடத்துல நியூட்ரல்ல உருட்டிட்டு தான் வந்தேன். அதனாலயா?

கிளட்ச்கேபிள்:
அதேதான் ப்ரோ. மொத்த வெயிட்டையும் பிரேக்கே தாங்குனா சூடு ஏறி உள்ள இருக்கற பிரேக் ஆயில் கொதிச்சு குமிழ் விடும், அப்புறம் லிவர அமுக்குனா குமிழ் தான் அமுங்கும், டிஸ்க்க கவ்வுற பேட் நகராது. ஆறுனதும் சரியாயிடும், அதான் மெக்கானிக்குக்கு தெரியல. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், புது டாட் 4 (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்தா 155 கிட்ட வந்துடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. பெட்ரோல் மிச்சமும் பொய் கணக்கு, எஃப்ஐ வண்டில (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கற வண்டி) கியர்ல போட்டு த்ராட்டில மூடினா இன்ஜெக்டர் பெட்ரோல நிறுத்திடும், நியூட்ரல்ல தான் இன்ஜின் அணையாம சும்மா ஓடறதுக்கு (ஐடில்) குடிக்கும்.

செம்மேட்டுக்காரன்:
நாங்க தினமும் ஏறி இறங்கற ரோடு தம்பி. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, இன்ஜின் கத்தட்டும் ஒண்ணும் ஆகாது. வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சு கியர போட்டுடணும், வளைஞ்சுட்டு இருக்கறப்ப கிளட்ச்ச பிடிச்சா வண்டி சரசரன்னு ஓடும். பிரேக்க உரசிட்டே வராம ஒரு தடவ நல்லா பிடிச்சு விடுங்க. அப்புறம் பஸ்ஸு. அதுக்கு கொண்டை ஊசில முழு ரோடும் வேணும், ஹாரன் கேட்டா வளைவுக்குள்ள போகாம முன்னாடியே மேல் பக்கம் நின்னுடுங்க, ஏறி வர்றவனுக்கு தான் வழி. வளைவுல குரங்குக்கு பிஸ்கட் போட நிக்கற கார்காரன் தனி எமன், அத பத்தி பேசுனா விடிஞ்சிடும்.

ஸ்கூட்டிராணி:
கியரே இல்லாத ஸ்கூட்டருக்கு என்னண்ணா பண்றது? நான் அதுல தான் போவேன்.

கிளட்ச்கேபிள்:
த்ராட்டில முழுசா மூடி மெதுவா ஆனீங்கன்னா உள்ள கிளட்ச் விட்டுடும், வண்டி சும்மா உருளும், கிட்டத்தட்ட நியூட்ரல் தான். லேசா த்ராட்டில் குடுத்தா கிளட்ச் பிடிச்சுக்கும், கொஞ்சம் இழுத்து பிடிக்கும். ஆனா பைக் அளவுக்கு எதிர்பாக்காதீங்க, ரெண்டு பிரேக்கையும் சேத்து பிடிங்க, பத்து பதினஞ்சு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ஆற விடுங்க. அவசரப்பட்டு டிஸ்க் மேல தண்ணி ஊத்திடாதீங்க, வளைஞ்சிடும்.

கரூர்125:
ஆயில் மாத்தியாச்சு, பழசு டீ டிகாஷன் கலர்ல இருந்துச்சு. நேத்து தனியா போய் ரெண்டாவது கியர்லயே இறங்கி பாத்தேன், முன் பிரேக்க தேவைக்கு தான் தொட்டேன், லிவர் கல்லு மாதிரி நிக்குது. வீட்டம்மா கிட்ட சொன்னேன். அடுத்த தடவ பஸ்ல தான் வருவாங்களாம்.