குளிர்காலத்தில் கராஜில் வேலை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரவேலைக்காரர்:

வணக்கம் நண்பர்களே. வீட்டை ஒட்டிய கராஜில்தான் என் மரவேலைப் பட்டறை இருக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும் நாட்களிலும் இப்போது அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிம்மதியாக வேலை செய்ய முடிகிறது. இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

குளிர் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. முதலில் அந்தப் பெரிய கதவைப் பாருங்கள். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு ஏறக்குறைய 5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், அதாவது 11 சதுர மீட்டர் இருக்கும். அது வெறும் ஒற்றைத் தகடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 5 என்றால், அந்தத் தகடு வழியாக மட்டும் 1300 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறும். பிளக்கில் சொருகும் சாதாரண ஹீட்டர் ஒன்று தருவதே 1500 வாட்தான். அந்த ஹீட்டர் கதவுக்கே சரியாகப் போய்விடும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே கதவில் 5 சென்டிமீட்டர் கெட்டி ஃபோம் பலகையைப் பதித்தால், கணக்குப்படி இழப்பு 150 வாட் பக்கத்தில் வந்துவிடும். சட்டங்கள், இணைப்புகள் வழியாகக் கசிவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் வித்தியாசம் பெரியது.

நான் முதலில் செய்தது ஃபோம் வேலை இல்லை, இடுக்குகளை அடைத்ததுதான். பகலில் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சுற்றிப் பார்த்தேன். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிந்ததோ, அங்கெல்லாம் காற்றும் வந்துகொண்டிருந்தது. கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை வயதாகி இறுகிப்போயிருந்ததால் அதை மாற்றினேன். தரை சமமாக இல்லாத இடத்தில் புதுப் பட்டையும் பதியவில்லை, அதனால் தரையிலேயே ஒரு ரப்பர் வரப்பை ஒட்டினேன். பக்கவாட்டில் ஒட்டும் பட்டைகள் கடையிலேயே கிடைக்கின்றன. இவ்வளவு சின்ன வேலைக்குக் கிடைத்த பலன் என்னை நிஜமாகவே ஆச்சரியப்படுத்தியது. கால் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குளிர்காற்று நின்றதும், அறை வெப்பம் ஏறாமலேயே கதகதப்பாகத் தோன்ற ஆரம்பித்தது.

ஃபோம் பதிக்கும்போது கவனிக்க வேண்டியது எடை. கதவின் மேலே இருக்கும் ஸ்பிரிங், அந்தக் கதவின் எடைக்கு என்றே முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எடை கூடினால் கதவைத் தூக்கும் மோட்டார் திணறும். மோட்டாரின் இணைப்பை விடுவித்துவிட்டுக் கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டுப் பாருங்கள். அப்படியே நின்றால் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங்கைத் திருத்த வேண்டும். ஆனால் அதைத் தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள். முறுக்கேறிய அந்த ஸ்பிரிங் பட்டென்று விட்டால் எலும்பு முறியும், உயிரும் போகலாம். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், என் கதவையும் அப்படி ஒருவர்தான் வந்து சரிசெய்தார். இன்னொன்று, ஃபோமைத் திறந்தபடி விடக்கூடாது. தீப்பிடித்தால் வேகமாக எரியும், நச்சுப்புகையும் வரும். சுவரிலும் கூரையிலும் போட்டால் மேலே ஜிப்சம் பலகை அடித்து மூடுங்கள். கதவுக்கு, மேலுறையோடு வரும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபோமுக்கும் முன்னால் கூரைக்கு இன்சுலேஷன் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூரை வெறும் ஓடோ தகடோ என்றால், ஆமாம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சூடான காற்று மேலேதான் போகும்.

பழைய பைக் பிரியர்:

அண்ணா சொன்ன கதவுக் கணக்கு மிகவும் சரி. என் அனுபவம் கொஞ்சம் வேறு. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், சுவரிலும் கதவிலும் கை வைக்க முடியாது. அதனால் அறையைச் சூடாக்கும் யோசனையையே விட்டுவிட்டு, நான் நிற்கும் இடத்தை மட்டும் சூடாக்குகிறேன்.

முதலில் தரை. கான்கிரீட் தரையில் கொஞ்ச நேரம் நின்றாலே காலிலிருந்து சூடு இறங்கிவிடும், அப்புறம் மேலே எத்தனை சட்டை போட்டாலும் குளிர் நடுக்கும். கெட்டி ஃபோம் பலகை ஒன்றைத் தரையில் விரித்து, அதன் மேல் பிளைவுட், அதற்கும் மேல் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் இடத்தில் மட்டும் இது கிடையாது, பளு தாங்காது. வேலை மேசைக்கு முன்னால் இது இருந்தாலே பாதிக் குளிர் போய்விடுகிறது.

அடுத்தது அகச்சிவப்பு ஹீட்டர். விசிறி வைத்த ஹீட்டர் காற்றைத்தான் சூடாக்கும், கதவை ஒருமுறை திறந்தால் அந்தக் காற்று போய்விடும். அகச்சிவப்பு ஹீட்டர் அடுப்பு முன்னால் உட்கார்ந்த மாதிரி நேராக உடம்பையும் கையில் இருக்கும் ஸ்பேனரையும் சூடாக்குகிறது. போட்ட உடனே தெரியும், காத்திருக்க வேண்டாம். குறை என்னவென்றால், முன்பக்கம் சுடும், முதுகு குளிரும். சுவரில் உயரமாக மாட்டி, பக்கவாட்டிலிருந்து படும்படி சாய்த்து வைத்தால் பரவாயில்லை.

என்னைப் போல வண்டி வேலை செய்பவர்கள் மறக்கவே கூடாத விஷயம் பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிக் கிடக்கும். செந்தழலாக எரியும் கம்பியோ தீப்பொறியோ தரை மட்டத்தில் இருந்தால் நிலைமை விபரீதமாகிவிடும். ஹீட்டரைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது மேலே வைக்கச் சொல்வது இதனால்தான். கார்புரேட்டரைக் கழற்றும் நாளிலும் டேங்க்கைக் காலி செய்யும் நாளிலும் நான் ஹீட்டரையே போடுவதில்லை, கதவைத் திறந்து வைத்துக் குளிரைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கையுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கை வேலைக்குப் போடலாம். டிரில், கிரைண்டர், லேத் என்று சுழலும் எதன் பக்கத்தில் போனாலும் கழற்றிவிடுங்கள். குளிருக்காகக் கழுத்தில் சுற்றும் மஃப்ளரும் அப்படித்தான். மாட்டினால் கையோடு இழுத்துக்கொண்டு போகும்.

லேத் பட்டறை வைத்திருப்பவர்:

கேஸ் ஹீட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் அறையைச் சட்டென்று சூடாக்கும், அதில் சந்தேகமில்லை. எனக்கு முன்னால் இந்த கராஜைப் பயன்படுத்தியவர் ஒரு புரொபேன் ஹீட்டரை விட்டுச் சென்றிருந்தார். கடும் குளிரில் அதைக் கொளுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள். லேத்தின் இரும்பு அடித்தளத்தைத் தொட்டால் கை ஈரமானது. மறுநாள் காலையில் அதன் மேல் மெல்லிய ஆரஞ்சு நிறத் துரு படிந்திருந்தது.

காரணம் எளிது. புரொபேன் எரிந்தால் தண்ணீர் வரும். 1 கிலோ கேஸ் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி. 5 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. காற்று சீக்கிரம் சூடாகிவிடும், கனமான வார்ப்பிரும்பு மணிக்கணக்கில் குளிர்ந்தே கிடக்கும். அந்த நீராவி நேராகப் போய் அதன் மேல்தான் படியும். பனி ஒட்டிய காரைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினாலும் இதே கதைதான், உருகிய நீர் எல்லாம் காற்றில் ஏறும்.

துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அப்படி இல்லை. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்றுதான் வரும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். அதன் அலாரம் ஒன்றை கராஜிலும், வீட்டுக்குள் போகும் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். என் அலாரம் ஒரு மாலை அலறியது. நான் நன்றாகத்தான் இருந்தேன், தலைவலிகூட இல்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த ஹீட்டர் அதற்குப் பிறகு எரியவே இல்லை. சூட்டுக்காகக் கார் எஞ்சினை உள்ளே ஓடவிடுவதும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கேஸ்தான் வசதி என்றால், எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளும் மூடிய அமைப்பை ஆள் வைத்துப் பொருத்துங்கள்.

மின்பணியாளர்:

1500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட்டில் 12.5. கராஜுக்குப் பல வீடுகளில் ஒரே ஒரு லைன்தான் போயிருக்கும். ஹீட்டரும் ரம்பமும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். அது விழுவது நல்லதுதான். எனக்குக் கவலை தருவது எக்ஸ்டென்ஷன் ஒயர். மெலிந்த ஒயரைச் சுருட்டி வைத்து ஹீட்டரை மணிக்கணக்கில் ஓட்டிய வீடுகளில் உருகிய பிளக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள். பெரிய ஹீட்டர் என்றால் தனி லைன் இழுங்கள்.

நீண்ட காலம் இருக்கப்போகிற சொந்த வீடு என்றால் ஸ்பிளிட் ஏசி வகை ஹீட் பம்ப்பைத்தான் நான் சொல்வேன். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளும் இயந்திரம் அது. சாதாரண ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம் தரும். இது மிதமான குளிரில் 3 யூனிட் தரும், கடுங்குளிரில் 2 பக்கம் இறங்கும். தீ இல்லை, ஈரம் இல்லை. ஃபில்டரை மட்டும் மரத்தூள் அடைக்காமல் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

லித்தியம் பேட்டரி டிரில் வைத்திருப்பவர்கள் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

மரவேலைக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. ஈரம் பற்றி லேத் நண்பர் எழுதியதைக் கராஜில் கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். இதனால்தான் நான் கராஜை முழுக்கக் குளிரவிடுவதில்லை. ஆள் இல்லாதபோதும் 6, 7 டிகிரியில் வைத்திருக்கிறேன், வேலை நாளில் 15க்கு ஏற்றுகிறேன். இரும்பு சில்லிட்டுப்போகாததால் சீக்கிரம் ஏறுகிறது.

தூசி இழுக்கும் இயந்திரம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அதன் காற்றை வெளியே விட்டால் என்ன ஆகும் என்றால், மணிக்கு 1000 கன மீட்டர் இழுக்கும் இயந்திரம் 100 கன மீட்டர் கராஜின் சூடான காற்றையெல்லாம் 6 நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். நல்ல ஃபில்டர் போட்டுக் காற்றை உள்ளேயே திருப்பி விடுகிறேன், இழைக்கும்போது முகமூடியும் போடுகிறேன். காற்றை வெளியே விடுபவர்கள் புகைபோக்கி உள்ள ஹீட்டரும் வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அந்த இழுவை புகையை உள்ளேயே திருப்பிவிடக்கூடும்.

பசை பற்றியும் கேட்டார். வெள்ளை, மஞ்சள் மரப்பசைகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் இணைப்பு பலமில்லை என்று அர்த்தம். காற்று 15 டிகிரி காட்டினாலும் பலகை குளிர்ந்திருந்தால் இதே தொல்லைதான். அதனால் ஒட்டப்போகும் பலகைகளை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன், பசை டப்பாவும் கூடவே போகும். கிளாம்ப் போட்ட பிறகும் அன்று முழுக்க ஹீட்டரை அணைப்பதில்லை.